நாலு மில்லிமீட்டர் இருட்டு

ஜனவரி 8, திங்கள்

ஆறு மாதப் பிரசவ விடுப்பு முடிந்து இன்று வேலைக்குத் திரும்பினேன். குழலி புட்டிப்பாலைத் துப்பிவிட்டாள், வாருங்கள் என்று காப்பகத்திலிருந்து பதினொன்றே காலுக்கே போன். ஆய்வுக்கூடத்திலிருந்து காப்பகத்துக்கு நடந்தால் ஏழு நிமிடம், ஓடினால் நாலு. இன்று மூன்று முறை ஓடினேன்.

சாப்பிடும்போது மாரி கேட்டார். "கல்யாணமாகி நாலு வருசமாச்சி. நீ அங்க என்னத்தப் பாக்கன்னு எனக்கு இன்னும் வெளங்கல பாத்துக்க."

"காந்த வேலிக்குள்ள பிளாஸ்மா சுத்துது. அத இன்னும் சூடாக்க பீம் வச்சி வேகமான அயனிய உள்ள செலுத்துதோம். அதுல கொஞ்சம் வேலியத் தாண்டி வெளிய ஓடிரும். ஓடி எங்கயாவது முட்டுனா முட்டுன எடம் வெந்துபோவும். எத்தன ஓடுது, எவ்வளவு வேகத்துல ஓடுதுன்னு ஓரத்துல நின்னு என் கருவி, புரோப்பு, பாக்கும். ஊசித்துளை வழியா உள்ள வந்து தகட்டுல மோதுனா பச்சையா மினுங்கும். கேமரா படம் எடுக்கும்."

"காம்பவுண்டு ஏறிக் குதிக்கவனப் புடிக்க வாச்மேன்."

"புடிக்க மாட்டேன். எண்ணுவேன்."

"எண்ணதுக்கா பிஎச்.டி?"

சிரித்தேன். பிறகு, காப்பகத்தில் அவள் அழுத அழுகை நினைவுக்கு வந்து பாதியில் எழுந்துவிட்டேன். இப்போது தூங்குகிறாள். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

ஜனவரி 11, வியாழன்

புரோப்புக்கு இடம் குறிக்கும் நாள்.

பிளாஸ்மாவின் ஓரத்தில் கிராஃபைட்டாலான காவல் விளிம்பு ஒன்று உண்டு. புரோப் அதற்கு இரண்டு மில்லிமீட்டர் பின்னால் நிற்க வேண்டும். முன்னால் நீண்டால் உருகிவிடும். அதிகம் பின்வாங்கினால் காவலின் நிழலில் மறைந்து, எதையும் பார்க்காது. அதனால்தான் இந்த வேலைக்கு இருவர். ஒருவர் எதிர் ஜன்னலில் தொலைநோக்கி வழியே பார்க்க, மற்றவர் திருகைச் சுற்றுவார். பிளாஸ்மாவை அடக்கிய உலோகக் கலன் குளிர்ந்திருக்கும்போது ஒரு அளவு, சூடேற்றிய பிறகு ஒரு அளவு. சூட்டில் கலன் விரியும் என்பதால் இந்த இரண்டாவது அளவு. என் காலத்தில் வித்தியாசம் 0.3 மில்லிமீட்டரைத் தாண்டியதில்லை. இரண்டு அளவுக்கும் இருவரும் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும்.

என்னோடு மயிலக்கா. முழுப்பெயர் மயிலாத்தாள். வெற்றிடப் பிரிவில் ஒரே பெண். ஐ.டி.ஐ. முடித்துவிட்டுப் பதினோரு வருடமாக ஒப்பந்தத்தில் இருக்கிறார். காவல் விளிம்பைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய் வெல்டிங் முழுவதும் அவர் கைவேலை. இந்த மார்ச்சில் நிரந்தரமாக்கும் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது.

குளிர் அளவு எடுத்து முடித்தபோது என் சுடிதார் முன்பக்கம் நனைந்துவிட்டது.

"மேடம், துப்பட்டாவ முன்னுக்கு இழுத்து விடுங்க" என்றார் மெதுவாக. "பால் கட்டிக்கிச்சுங்களா? கொழந்த அழுகறது காதுக்கு முந்தி மாருக்குத் தெரிஞ்சுபோயிருமுங்க. நீங்க ஓடுங்க. இங்க நான் எடுத்து வெச்சுக்கறேன். சூட்டு அளவு சனிக்கெழம சேந்து பாத்துக்கலாம்."

ஓடினேன்.

ஜனவரி 13, சனி

குழலிக்குத் தடுப்பூசிக் காய்ச்சல். 101.4. ஈரத்துணி மாற்றி மாற்றி வைத்தேன். மாரி கம்பெனி வேலையாகச் சேலத்தில். காலை பத்துக்கு மயிலக்கா போன். மதியத்துக்கு மேல் பொங்கலுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு, அவர் சொல்லில் ஒறம்பரைக்கு, கிளம்ப வேண்டுமாம், எப்போது வருகிறீர்கள் என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கிளம்புங்கள் என்று சொன்னேன்.

ஐந்து மணிக்கு 100.2.

ஜனவரி 18, வியாழன்

பொங்கல் விடுமுறை முடிந்தது. பதிவேட்டில் மிச்சமிருந்த கட்டங்களை நிரப்பினேன். சூட்டு அளவும் வழக்கம்போலத்தான், 0.3 வித்தியாசம்.

"சனிக்கெழம புள்ளைக்குக் காச்சலுன்னு இன்னிக்குத்தான் காப்பகத்துல சொன்னாங்க. காச்சலோட புள்ளைய உட்டுப்போட்டு அளவெடுக்க வந்தீங்களாக்கும்?" என்றார் மயிலக்கா.

"ம்."

"என்ன பொழப்புங்க இது" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்திட்டார். எண்ணைப் பார்க்கவில்லை. பார்த்தது என் முகத்தை.

குழலிக்குக் கீழ் ஈறில் வெள்ளையாக ஒரு புள்ளி. பல்.

ஜனவரி 22, திங்கள்

பாதி வலுவில் பீம். பன்னிரண்டு முறை இயந்திரத்தை ஓட்டினோம், பன்னிரண்டு ஷாட். என் படங்கள் எல்லாமே கறுப்பு. ஒரு புள்ளி பச்சை கூட இல்லை.

எங்கள் குழுத்தலைவர் நம்பிராஜன் சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளச் சொன்னார்.

"ஒண்ணு கூட வெளியே போகலையா?"

"தெரியற மாதிரி எதுவும் இல்ல சார்."

"இருட்டா இருந்தா நல்ல சேதிதானேம்மா! மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்கே?" என்றவர் என்னைக் காட்டி அறைக்கே கேட்கும்படி சொன்னார். "இசக்கியோட புரோப் சொல்லிட்டுது. பிப்ரவரி ஒண்ணாந்தேதி முழு வலு."

கை தட்டினார்கள். நானும் தட்டினேன் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 24, புதன்

ஷாட் 31-இல் பிளாஸ்மா கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்தது. அந்த ஒரு படத்தில் மட்டும் மூலையில் மெல்லிய பச்சைக் கீறல். 'எதிரொளிப்பு' என்று குறித்தேன். எதிரொளிப்பாகவும் இருக்கலாம்.

குழலி இன்று கேரட் மசியல் இரண்டு கரண்டி சாப்பிட்டாள்.

ஜனவரி 29, திங்கள்

காப்பகத்துக்கு நடக்கும் வழியில் மயிலக்காவோடு சேர்ந்துகொண்டேன். சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். "அக்கா, சூடேத்துனா இப்ப கலன் எவ்வளவு விரியுது?"

"விரியறது எப்பவும்போல நாலு மில்லிமீட்டருங்க."

"வித்தியாசம் 0.3 தானக்கா வரும்?"

"அது பழசுலீங்க. அப்ப காவலும் கலனோட ஒட்டிக்கிட்டே நகுந்துச்சு. நீங்க லீவுல இருக்கறப்ப காவலத் தனித் தூண்ல மாத்திப்புட்டமுங்களே. இப்ப கலன் மட்டுந்தான் நகுரும், காவல் நின்ன எடத்துலயே நிக்கும். உங்குளுக்குத் தெரியாதுங்களா? சனிக்கெழம அளவு எடுத்தப்பவே பாத்திருப்பீங்களே."

"ஆமா ஆமா. மறந்துட்டேன்."

"தூக்கமில்லீன்னா எல்லாம் மறக்குமுங்க. என்ற மூத்தவன் பொறந்தப்ப அடுப்புல பால வெச்சுப்போட்டுக் கோயலுக்குப் போயிட்டனுங்க" என்று சிரித்தார்.

இரண்டோடு நாலு, ஆறு. கலன் சுவரில் மாட்டிய புரோப் ஆறு மில்லிமீட்டர் பின்னால் நிற்கிறது. அப்படி நின்றால் எது தப்பி ஓடினாலும் என் தகட்டுக்கு வராது, காவலில் முட்டிவிடும். இருட்டு நல்ல சேதி இல்லை. இருட்டு, சேதியே இல்லை.

ஆனால் எதுவுமே தப்பி ஓடாமலும் இருக்கலாம். அதுவும் நடக்கக்கூடியதுதான்.

ஜனவரி 30, செவ்வாய்

சார் அறை வாசலில் இரண்டு முறை போய் நின்றேன். இரண்டாவது முறை அவரே பார்த்துவிட்டார்.

"வாம்மா. நானே கூப்பிடணும்னு இருந்தேன். உன் வேலை நீட்டிப்புக் கோப்பு இயக்குநர்கிட்ட போயிருக்கு. ரெண்டு வருஷம். இந்த ரிசல்ட்டுக்கு அப்புறம் யாரும் மறுக்க மாட்டாங்க. வியாழக்கிழமை டெல்லியிலேருந்து ஆளுங்க வராங்க. ஏதாவது சொல்லணுமா?"

"இல்ல சார். தேங்க்ஸ் சார்."

காரணங்களை எழுதி வைக்கிறேன். பாதி வலுவில் எந்தக் கருவியும் எச்சரிக்கவில்லை. காவலில் தண்ணீர் ஓடுகிறது, கொஞ்சம் சூட்டைத் தாங்கும். புரோப்பை நாலு முன்னால் தள்ள வேண்டுமென்றால் பதிவேட்டைத் திறக்க வேண்டும், சனிக்கிழமைக் கட்டத்தைப் பற்றி யாராவது கேட்பார்கள். கேட்டால் மயிலக்காவுக்கும்தான் சங்கடம்.

கடைசிக் காரணத்தை எழுதியபோது ரொம்ப நல்லவளாகத் தெரிந்தேன்.

பிப்ரவரி 1, வியாழன்

ஷாட் 64. முழு வலு. அரை நொடிகூட இல்லை. வெற்றிட அளவி எகிறியது, திரைகளெல்லாம் சிவந்தன. கலனுக்குள் தண்ணீர்.

காவலுக்குப் பின்னால் இருக்கும் குழாய் இணைப்பு விட்டுவிட்டது. கீழ்த்தளத்துக்கு ஓடி வால்வை மூடியவர் மயிலக்கா. மேலே வந்தபோது முழங்கால் வரை நனைந்திருந்தார். "எந்த இணைப்புங்க? எந்த இணைப்பு?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். டெல்லிக்காரர்கள் நின்றிருந்தார்கள், எல்லோரும் திரைகளைப் பார்த்தோம்.

குறைந்தது ஐந்து மாதம் இயந்திரம் ஓடாது.

என் படம் கறுப்பு.

பிப்ரவரி 2, வெள்ளி

குழலிக்கு இரண்டாவது பல். என்னைக் கடித்துவிட்டாள், ரத்தம்.

பிப்ரவரி 7, புதன்

விசாரணைக் குழு. மூன்று பேர். நீளமான மேசை. தட்டில் முந்திரி பிஸ்கட்.

"ஷாட் 64 வரைக்கும் உங்க புரோப்பில் வேக அயனி ஏதாவது பதிவாச்சா?"

"இல்லை."

"படங்களில் சந்தேகம் ஏதாவது உண்டா?"

"படங்கள் தெளிவா இருக்கு."

இரண்டும் உண்மை. விசாரணைத் தலைவர் எழுதிக்கொண்டே மற்றவரிடம் சொன்னார். "அயனி ஓடி வரலைன்னா வெளியிலேருந்து சூடு வர வழியில்லை. அப்போ இணைப்பிலேயே குறை இருந்திருக்கணும். வெல்டிங் யாரு?"

ஓரமாக உட்கார்ந்திருந்த நம்பிராஜன் சார் மயிலக்காவின் பேரைச் சொன்னார். முழுப்பேரை.

அறையை விட்டு வெளியே வந்தபோது மயிலக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், அடுத்தது அவர். நல்ல சேலை கட்டியிருந்தார்.

"என்ன கேட்டாங்க மேடம்? கோவமா பேசறாங்களா?"

"இல்லக்கா. சாதாரணமாத்தான்."

பிப்ரவரி 9, வெள்ளி

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று ஒப்பந்தக்காரர் மூலம் மயிலக்காவிடம் சொல்லிவிட்டார்களாம். சாவிகளை ஒப்படைக்க வந்தவர் காப்பகத்து வேப்பமரத்தடியில் என்னைப் பார்த்து நின்றார். குழலி என் இடுப்பில்.

"கசியுதான்னு ரெண்டு தடவ ஹீலியம் ஊதிப் பாத்தனுங்க மேடம். ரெண்டு தடவையும் ஊசி அசையலீங்க. படுத்தா அந்த இணைப்புத்தான் கண்ணுக்குள்ள வருது. அன்னிக்கு என்ன பண்ணுனேன், கை எங்கியாச்சும் ஆடுச்சா, கம்பிய மாத்திப்புட்டனான்னு. எனக்கே இப்பச் சந்தேகமா இருக்குதுங்க."

"உங்க வேல மேல தப்பு இருக்காதுக்கா."

"நீங்க நல்ல மனசுல சொல்றீங்க. உங்க மெசினே அயனி ஒண்ணும் வரலீன்னு சொல்லுதாமா. அப்ப வேற எதுங்க? நாந்தான்."

குழலி அவர் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள். அவர் விலக்கவில்லை.

அதன்பிறகு இரண்டு நாள் பால் சரியாகச் சுரக்கவில்லை. (இதை ஞாயிற்றுக்கிழமை சேர்க்கிறேன்.)

பிப்ரவரி 14, புதன்

கலனைத் திறந்து புரோப்பை வெளியே எடுத்தோம். அறுபத்து நாலு ஷாட் பார்த்த புரோப்பின் முனை கருகியிருக்க வேண்டும். போன வருடம் எடுத்தபோது அடுப்புக் கரண்டி மாதிரி இருந்தது. இது புதிது போல இருக்கிறது. நான் பொருத்தி வைத்தபோது விட்ட பென்சில் குறி கூட அழியவில்லை.

"சூப்பரா இருக்கே மேடம், கறையே இல்ல" என்றார் மயிலக்காவின் இடத்துக்கு வந்திருப்பவர். "ஸ்பிரிட் போட்டுத் தொடச்சு வெச்சிரட்டுங்களா?"

துடைக்க வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் துடைக்கச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

படம் எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 15, வியாழன்

நம்பிராஜன் சாரிடம் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை வராததை, 0.3-ஐ, தூணை, நாலை, பென்சில் குறியை.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"முழு வலுவுக்கு உத்தரவு போட்டது யாரு தெரியுமா?"

"நீங்க சார்."

"உன் படத்தை நம்பி." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அறிக்கை மேலே போயாச்சும்மா. இப்போ இதைத் திறந்தா உன்னோட நிக்காது. நான், குழு, அடுத்த வருஷ நிதி எல்லாம் போகும். அந்தம்மா கை சுத்தமான கை, எந்தப் பட்டறையும் எடுத்துக்கும். உனக்கு வேற எங்கே புரோப் இருக்கு, சொல்லு? கைக்குழந்தை வெச்சிருக்கே. வீட்டுக்குப் போய் யோசி."

மாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குழலியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார். "வேல போனா போவுது. திங்கதுக்கு நான் இருக்கேன். ஆனா நீ எழுதிக் குடுத்துட்டா பொறவு ஒவ்வொருத்தனும் ஒன்னய என்ன சொல்லுவான்னு யோசிச்சியாட்டி?"

அதை மட்டும்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதுதான் கேவலம்.

பிப்ரவரி 19, திங்கள்

நீட்டிப்பு உத்தரவு வந்தது. இரண்டு வருடம். கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

உக்கடம் பேருந்து நிலையத்தில் மயிலக்கா. நான் பார்க்காததுபோல் போயிருப்பேன், அவர்தான் கூப்பிட்டார். சிட்கோவில் வால்வ் செய்யும் பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று போய்விட்டு வருகிறாராம்.

"சேத்துக்கிட்டாங்களாக்கா?"

"ஒரு துண்டு குடுத்து வெல்டு பண்ணிக் காட்டச் சொன்னாங்க. சின்ன வேலதானுங்க, கண்ண மூடிக்கிட்டுப் பண்ணுவேன். டார்ச்சப் புடிச்சேன், கை நடுங்குது. நிக்க மாட்டீங்குது. வேற ஆருக்காச்சும் குடுங்கன்னு சொல்லிப்போட்டு வந்துட்டனுங்க." வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பதினோரு வருசமா இந்தக் கையி சோறு போட்டுச்சு. இப்ப நானே இத நம்பலீங்க."

அவருடைய பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டார்.

சார் சொன்னது பொய். எந்தப் பட்டறையும் எடுத்துக்கொள்ளாது. அவர் கையை எடுத்துக்கொண்டவள் நான்.

பிப்ரவரி 26, திங்கள்

விசாரணைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒன்றரைப் பக்கம். முனையின் படத்தையும், ஷாட் 31-இன் படத்தையும், பதிவேட்டின் நகலையும் இணைத்தேன். இணைப்பை அறுத்துப் பாருங்கள் என்று கேட்டிருக்கிறேன்.

மயிலக்காவிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். முன்பின் தெரியாத மூன்று பேரிடம் சொல்வது சுலபமாக இருந்தது.

பிப்ரவரி 28, புதன்

நம்பிராஜன் சார் நடைக்கூடத்தில் என்னைத் தாண்டிப் போனார். நான் சுவர்.

மார்ச் 11, திங்கள்

திருத்திய அறிக்கை. நாலு முறை படித்தேன்.

இணைப்பை அறுத்துப் பார்த்திருக்கிறார்கள். வெல்டிங் பழுதற்றது, வெளியிலிருந்து தாக்கிய கடும் வெப்பத்தால் உருகியது என்று ஏழாம் பக்கத்தில் எழுதியிருக்கிறது. பத்தாம் பக்கத்தில் நான். எடுக்காத அளவை எடுத்ததாக எழுதியவள். நீட்டிப்பு ரத்து, இந்த மாதத்தோடு சரி. இதை எதிர்பார்த்தேன்.

பதினோராம் பக்கத்தை எதிர்பார்க்கவில்லை. 'இரண்டாவது கையெழுத்திட்ட பணியாளர், அளவெடுப்பில் கலந்துகொள்ளாமலேயே கையெழுத்திட்டுள்ளார். அவரை மீண்டும் பணியில் அமர்த்தப் பரிந்துரைக்க இயலாது.' முழு வலுவுக்கு உத்தரவிட்டவரைப் பற்றி ஒரு வரி: 'கிடைத்த தரவின்படி முறையாகச் செயல்பட்டார்.'

உண்மையைச் சொன்னால் மயிலக்காவுக்கு வேலை திரும்பக் கிடைக்கும் என்று எதை வைத்து நம்பினேன்? பதிவேட்டு நகலை இணைத்தவளே நான்தான். அதில் அவர் கையெழுத்து இருப்பது தெரியும். பார்த்துவிட்டேதான் இணைத்தேன்.

மார்ச் 12, செவ்வாய்

மயிலக்காவுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் முறை எடுத்தார்.

"சொல்லுங்க."

சொன்னேன். சில விஷயங்களை இரண்டு முறை சொன்னேன். மன்னிச்சிருங்கக்கா என்பதையும்.

அவருக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"சனிக்கெழம வந்தீங்களான்னு கேட்டேன். 'ம்'ன்னீங்க."

"ஆமாக்கா."

"புள்ள காச்சல்ல கெடக்குதுன்னு அன்னிக்குப் போன்லயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் ஒறம்பரைக்குப் போகாம இருந்து அளவெடுத்திருப்பனுங்க. அதுக்கென்ன இப்ப."

பிறகு, "என்ற வெல்டிங்கு நல்லாத்தான் இருந்துச்சுன்னு அதுல எழுதியிருக்குதுங்களா?"

"இருக்குக்கா. ஏழாம் பக்கம்."

"அந்தப் பக்கத்த மட்டும் நகல் எடுத்துக் குடுங்க. மத்தது வேண்டாம்."

மார்ச் 15, வெள்ளி

வெளிவாசலுக்கு எதிரே உள்ள நிறுத்தத்தில் மயிலக்கா நின்றிருந்தார். உள்ளே வர அனுமதி இல்லை. நான் காகிதத்தை நீட்டினேன். ஆங்கிலம். கண்ணருகே பிடித்து மேலிருந்து கீழே பார்த்தார்.

"எந்த வரிங்க?"

விரல் வைத்துக் காட்டினேன். இரண்டு வரிகள். தமிழில் சொன்னேன். உதடு அசையத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சிட்கோ பட்டறைக்காரருக்குச் சட்டென்று கண்ணில் படட்டுமே என்று பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த இரண்டு வரிகளுக்குக் கீழே கோடிடப் போனேன்.

காகிதத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"நீங்க இதுல ஒண்ணும் எழுதாதீங்க" என்றார்.

நாலாய் மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பேருந்து வரும் திசையையே பார்த்து நின்றார். பேனாவை மூடிக்கொண்டு நானும் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு காப்பகத்துக்கு நடந்தேன். ஓடவில்லை.